ஆம்பூர் பாய்லருக்குள் அணைந்த நீல வெளிச்சம்

வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். நவாபுகள் யானைப்படையோடு போன பாதையில் போன சனிக்கிழமை காலை எட்டு மணிப் பேருந்தில், நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட்டில், ஒரு புறஊதா டார்ச்சோடு நான் படையெடுத்தேன். காரணம், அங்கே டீக்கடை வைத்திருக்கும் நண்பர் இஸ்மாயில். ஒரு மாதமாக அவர் டீயில் உலோக வாடை.

"தோல் பதனிடுற ஷாப் தண்ணி நம்ம போர்வெல்ல எறங்கிடுச்சு தோஸ்த். ஞாயித்துக்கெழம புது போர் போட வண்டி வருது, வீட்ல நகைய அடகு வெக்கிறோம்" என்று போனில் அழாத குறை. விடுவேனா?

ஆயுதம் தந்தவள் அக்கா மகள் ஜெஸ்ஸி, வேதியியல் ஆராய்ச்சி மாணவி. அவள் தயாரித்த காகிதப் பட்டையில் டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும். நனைத்த நீரில் செம்பு அயனி இருந்தால் ஒளி அணையும். "தோல் ஷாப்ல போடற குரோமியத்துக்கு எங்கிட்ட பட்டை இல்ல மாமா, செம்புக்குத்தான் இருக்கு" என்றாள். எனக்கு எல்லா உலோகமும் ஒன்றுதான். வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு ஆம்பூர். லெமன் டீயில் பட்டையை முக்கி டார்ச் அடித்தேன். அமாவாசை! நான் போட்ட கூச்சல் நாட்றம்பள்ளி வரை கேட்டிருக்கும். இஸ்மாயில் முகம் செத்துப்போனது. ஜெஸ்ஸிக்குப் போன் போட்டேன்.

"டீ கலரே வெளிச்சத்த முழுங்கிடும் மாமா. வெறும் தண்ணிய பாருங்க. மொதல்ல கத்தாதீங்க."

போர் தண்ணீரில் பட்டை நீலமாக ஜொலித்தது. பாய்லர் குழாயில் பிடித்து ஆறவைத்த நீரில் இருட்டு. மூடியைத் திறந்தோம். செம்பு நீரில் கரையாமல் காக்கும் வெள்ளீயப் பூச்சு இருக்கவேண்டிய உட்புறத்தில் செம்பு தகதகவென்று மின்னியது.

"இன்னா பண்ண இத?" என்றேன்.

"போன மாசம் புளியும் செங்கல் தூளும் போட்டு நானே தேச்சேன். வெளிய மட்டும் மின்னினா, உள்ள அழுக்குன்னு பேசமாட்டாங்களா?"

மனிதர் சுத்தத்தின் பேரால் பூச்சையே உரித்து எடுத்திருக்கிறார்!

"ஊர்ல இருக்குற தோல் ஷாப் எல்லாத்தையும் திட்டித் தீத்தீங்களே" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி. "மொதல்ல அந்த வண்டிக்காரருக்கு வேணாம்னு சொல்லுங்க." சொன்னார். அன்று மாலை டீ எவர்சில்வர் குண்டானில் கொதித்தது. பாய்லர் ஈயம் பூசக் குடியாத்தம் போனது.

ஆம்பூர் நிலத்தடி நீர் தேவாமிர்தம் என்று நான் சான்று தரவில்லை. இந்தப் பட்டைக்குச் செம்பு மட்டுமே தெரியும்; குரோமியத்துக்கு ஆய்வகம்தான் போகவேண்டும். இவ்வழியே வருவோர் லெமன் டீ சொல்லுமுன் பாய்லர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் உட்காருங்கள். செம்பு மின்னினால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கரண்டியைத் தூக்குவார், தூக்கட்டும், சொல்லி முடித்துவிட்டே ஓடுங்கள்.