பொம்மை இடுப்புல என் சுருக்குப் பை

சுடிதார் தைக்கிறவங்க எல்லாரும் திருடங்க.

பொம்பளைங்களோட பாக்கெட்டைத் திருடுனவங்க!

(தையக்கார அண்ணன்மார் யாராவது ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருந்தா கோவிச்சுக்கலாம். தாராளமா.)

நான் அருப்புக்கோட்டையில ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல நிக்கிறேன். நிக்கிறேன்னா நெசமாவே நிக்கிறேன். உக்காரக் கூடாது.

எங்களுக்கு யூனிஃபார்ம் சுடிதாரு. பாக்கெட் கிடையாது. ஆம்பளப் பசங்களுக்குப் பேன்ட்டு சட்டை. ஆளுக்கொரு பீரோவையே மாட்டிட்டுத் திரியுற மாதிரி பாக்கெட்டு!

காலையில வந்ததும் எங்க ஹேண்ட்பேக்கை எல்லாம் ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டிருவாங்க. துணி திருடிருவோமாம். சாவி சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட.

போன வாரம் ஜெபாவுக்குத் திடீர்னு பீரியட்ஸ். (ஜெபா என்கூட சேலை செக்‌ஷன்ல நிக்கிறவ. திருச்சுழியில இருந்து தினமும் பஸ்ஸுல வாரா.) நாப்கின், மாத்திரை எல்லாம் பேக்ல. பேக் பூட்டுக்குள்ள.

"அண்ணே, சாவி குடுங்க. பேக்ல ஒண்ணு எடுக்கணும்."

"என்னத்த எடுக்கணும்?"

"ஒண்ணு எடுக்கணும்ணே..."

"அதான் என்னத்தன்னு கேக்குறேன்!"

சுத்தி கஸ்டமரு. ஜெபா தலையைக் குனிஞ்சுட்டா. நான்தான் கத்துனேன்.

"நாப்கின்ணே, நாப்கின்! போதுமா, இல்ல மைக்குல சொல்லணுமா?"

சாவி வந்துருச்சு. ஆனா ஜெபா சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட பேசல. "உன்னை யாருடி கத்தச் சொன்னா?"ன்னு பஸ் ஸ்டாண்டுல வெச்சுதான் வாயைத் தொறந்தா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பாக்கெட் தர மாட்டாங்கன்னா நாமளே பின்னிக்குவோம். இடுப்புல கட்டுற சுருக்குப் பை!

நிட்டிங் யூடியூப்ல கத்துக்கிட்டது. ஊசி, சைக்கிள் கடையில பழைய ஸ்போக்ஸ் கம்பி வாங்கி ரெண்டு முனையும் தேச்சது. நூலு? எங்க வீடு தறி வீடு. கலர் நூலு காலைச் சுத்தும்.

தேர்த் திருவிழாவுல தேரைச் சுத்திக் கலர் கலரா துணிக்குழாய் தொங்கும்ல, தொம்பை? அதான் டிசைன். அதே குழாய், அதே செவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. கைக்குள்ள அடங்குற சைஸு. அடியை மூடி, மேல வரிசையா ஓட்டை விட்டுக் கயிறு கோத்தா பை!

மொதப் பை சொதப்பல்.

அவசரத்துல பாவு நூலை எடுத்துட்டேன். தறியில ஏத்துறதுக்காகக் கஞ்சி போட்டு வெறப்பா வெச்சிருக்குற நூலு. பின்னி முடிச்சுக் கீழ வெச்சா, பை டம்ளர் மாதிரி நிக்குது! கயித்தை எவ்வளவு இழுத்தாலும் வாய் மூடல.

எங்கம்மா தெலுங்குல திட்டுனாங்க. (வீட்டுல நாங்க தெலுங்குதான். தமிழ்ல எழுதுனா பாதிக் காரம் போயிரும்.) கடைசியா மட்டும் தமிழ்: "தறி வீட்டுல பொறந்துட்டுப் பாவுக்கும் ஊடைக்கும் வித்தியாசம் தெரியல. வெளிய சொல்லித் தொலைக்காத."

ஸாரிம்மா. சொல்லிட்டேன்.

அடுத்தது ஊடை நூல்ல. தறியில குறுக்க ஓடுறது, கஞ்சி போடாதது. மெத்து மெத்துன்னு வந்துச்சு! மாத்திரை அட்டை, மடிச்ச நாப்கின், பஸ்ஸுக்குச் சில்லறை. எல்லாம் அடக்கம். எனக்கு ஒண்ணு, ஜெபாவுக்கு ஒண்ணு.

"ஏண்டி, மறைச்சு வெக்கத்தான பை? இது ஊருக்கே தெரியுமே. கடையில என்ன சொல்லுவாகளோ..."

"தெரியட்டும்டி. நாம என்ன திருடியா வெச்சிருக்கோம்?"

இன்னைக்குக் காலையில ரெண்டு பேரும் கட்டிட்டுப் போனோம். வாசல்லயே சூப்பர்வைசர்.

"என்னது இடுப்புல? கழட்டு."

"உங்க பேன்ட்ல எத்தனை பாக்கெட்டுண்ணே?"

"அது வேற."

"எப்பிடி வேற?"

"அது... பேன்ட்டு."

(விளக்கம் முடிஞ்சது.)

அந்நேரம் பாத்து மொதலாளி வந்துட்டார். என் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஜெபா என் முழங்கையைக் கிள்ளுறா. சோலி முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

"அடடே, தேர்த் தொம்பை மாதிரியே இருக்கே! நம்ம பாரம்பரியம்! யாரும்மா பின்னுனது?"

"நான்தான் மொதலாளி."

"பிரமாதம்! ஏம்ப்பா, இதை வாசல் பொம்மைக்குக் கட்டு. ஃபோட்டோ எடுத்து நம்ம பேஜ்ல போடு!"

கழட்டச் சொன்ன அதே சூப்பர்வைசர் அண்ணன், பொம்மை இடுப்புல கட்டிவிட்டார். பயபக்தியோட!

"மொதலாளி, அப்ப நாங்க?"

"ஸ்டாஃப் கட்டக் கூடாதும்மா. ரூல்ஸு." போயிட்டார்.

ஜெபாவோட பை, உள்ள இருந்த மாத்திரையோட அதே பூட்டுக்குள்ள போயிருச்சு.

அந்தப் பொம்மைக்கு பீரியட்ஸ் வராது. தலைவலி வராது. தலையே கிடையாது! அதுக்குப் பை இருக்கு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிற எங்களுக்கு இல்ல.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டாஃப் குரூப்ல போட்டேன்.

"மொதலாளி, கடையில நிக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும் இடுப்புல பை வேணும். வெளிய போறப்பத் தொறந்து காட்டுறோம். ஆனா ஒரு பொம்பளை பாக்கட்டும். நாளையில இருந்து கட்டிட்டு வரலாமா?"

மொத கட்டை விரல் ஜெபாவோடது! (நான் எதிர்பாக்கவே இல்ல.) அப்புறம் வரிசையா எல்லாப் பொண்ணுங்களும்.

மொதலாளியும் பாத்துட்டார். ஆன்லைன்லதான் இருக்கார். பேஜ்ல பொம்மை ஃபோட்டோவுக்கு வர்ற கமெண்ட்டுக்கெல்லாம் ஹார்ட்டு போட்டுக்கிட்டு இருக்கார்.

சரி, இங்கயும் கேக்குறேன்.

மொதலாளி, நாளைக்குக் கட்டிட்டு வரலாமா, கூடாதா?