திம்முக்கு இடது கால்

எங்கள் ஊர் அம்மன் சப்பரத்தை எட்டுப் பேர் தோளில் தூக்குவோம். தவிலில் குச்சி படும் பக்கம் 'திம்' என்று கனமாக விழும். விரல் படும் பக்கம் 'தக்' என்று லேசாக விழும். திம்முக்கு இடது கால், தக்குக்கு வலது கால். எட்டுப் பேரும் அப்படி வைத்தால்தான் சப்பரம் ஆடாமல் போகும்.

எனக்கு அதைப் பிரித்துக் கேட்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் ஒன்று, இரண்டு எண்ணத் தெரியும். அந்த இரண்டில் எது ஒன்று என்பதுதான் தெரியவில்லை. கேட்கக் கூச்சம். முன்னால் போகிறவர் காலைப் பார்த்தே பல வருடம் ஓட்டினேன்.

ஒரு வருடம் என்னை முன்னால் நிறுத்திவிட்டார்கள். பார்க்க எனக்கு முன்னே கால் இல்லை. தெருமுனையில் சப்பரம் நின்று மறுபடி கிளம்பியபோது, ஏதோ ஒரு சத்தத்துக்கு இடது காலை வைத்தேன். சப்பரம் ஒரு பக்கமாக இழுத்தது. அம்மன் மாலை அறுந்து தெருவில் விழுந்தது.

"எவன்டா கால மாத்தி வச்சது?" என்று கத்தினார் கமிட்டித் தலைவர். அவர் பார்வை எனக்குப் பின்னால் தூக்கியவன் மேல் போனது. எனக்கு மருமகன் முறை. முன்பு குடித்துக்கொண்டிருந்தவன், விட்டுவிட்டு அந்த வருடம்தான் விரதம் இருந்து வந்திருந்தான்.

"காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

"சத்தியமா இல்லைங்க. காப்புக் கட்டியிருக்கேன்."

"கோயில்ல கட்டுன காப்பா, ஒயின்ஷாப்புல கட்டுனதா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. அவனை விலக்கிவிட்டு வேறொருவனைச் சேர்த்தார்கள். மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு அவன் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். நானாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்துப் பெரம்பலூர் மண்டியில் மக்காச்சோள மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். மூட்டையின் இரண்டு முனையையும் இருவர் பிடித்து, 'ஏ' என்றால் தம் கட்டித் தூக்குவோம். 'லே' என்றால் லாரியில் விட்டுவிடுவோம். அப்போது சாலையில் கல்யாண ஊர்வலம் வந்தது. தவில் சத்தம் எங்கள் கையோடு சேர்ந்துகொண்டது. ஏ, திம். லே, தக். ஒன்றில் பாரம், ஒன்றில் ஓய்வு.

இவ்வளவுதானா என்று இருந்தது. உடனே அன்றைய இடது கால் ஞாபகம் வந்தது. அப்போது காதில் விழுந்தது லேசான சத்தம். அதை நான் வைத்தது தக்கில். அதுவரை 'நானாக இருக்காது' என்று சொல்லிக்கொள்ளவாவது இடம் இருந்தது. அதுவும் போனது.

அடுத்த வாரம் டீக்கடையில் அந்த மருமகனைத் தனியாகப் பிடித்தேன். "மாப்ளே, அன்னிக்கிக் கால மாத்தி வச்சது நான்தான்."

"தெரியும் மாமா. ஒங்க காலுக்குப் பின்னாடிதான நான் வந்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க."

இந்த வருடத் திருவிழாவுக்கான கமிட்டிக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் எழுந்தேன். "எனக்குத் தோளு வலிங்க. என் எடத்த அவனுக்குக் குடுங்க" என்றுதான் வாயில் வந்தது.

"பெரிய மனசுய்யா ஒனக்கு. குடிகாரனையும் கைதூக்கி விடுற" என்றார் தலைவர்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும்.