கயிறு பிடித்தவளின் பங்கு

இலங்கையின் தென்கரைக்கு விடுமுறைக்குப் போனபோது, கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவன் நான். என் மனைவி உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பால்கனிக் கதவைச் சாத்தினாள்.

"ஒரே உப்புக்காத்து. நம்ம ஊரு குளச்சல்ல இல்லாத கடலா? இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்திய?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இருவருமே மீன்பிடிக் குடும்பங்களில் பிறந்தவர்கள். கடற்கரையில் சும்மா உட்கார எங்களை யாரும் விட்டதில்லை. இந்த வயதிலாவது உட்காரலாமே என்றுதான் வந்தேன். அவளோ டிவி பார்த்தாள்.

கடைசி நாள் காலையில் எழுந்தால் அவளைக் காணோம். தேடிப் போனேன். கரையில் கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்த வலையைக் கயிறு பிடித்து மணலுக்கு இழுக்கும் அந்தக் கூட்டத்தில், புதுச் சுடிதாரோடு என் மனைவியும் நின்றாள். வெள்ளைக்காரர்கள் அவளையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள்.

வலை கரையேறியதும் துப்பட்டாவை விரித்து நீட்டினாள். அவள் மொழி தெரியாத ஒரு பெரியவர், ஒன்றும் கேட்காமல் சாளை மீனை அள்ளிப் போட்டார்.

"அடுப்பில்லாத ரூமுக்கு மீனா?" என்று கத்தினேன்.

"கயிறு பிடிச்சா பங்கு உண்டும்லா. வேண்டாம்னு வந்தா அவிய என்ன நெனப்பாவ?"

ஓட்டல் வாசலில் மேலாளர் மூக்கைப் பொத்தினார். என் கோபம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. நான் போட்ட சத்தத்தில் சமையலறை திறந்தது. அவளே கழுவி, மிளகாய் தடவிப் பொரித்தாள்.

தட்டோடு அறைக்கு வந்தவள், பால்கனிக் கதவைத் திறந்து, நாற்காலியைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.