என் முழங்காலை நானே மொழிபெயர்த்தேன்

“ரெண்டு மாசத்திலை விட்டிடுவாள், பாருங்கோ அக்கா.”

எனக்குப் பன்னிரண்டு வயதில், பாரிஸின் லா சப்பலில் அம்மா வழக்கமாக மரக்கறி வாங்கும் கடைக்காரர் இதைச் சொன்னார். என் கையில் முதல் கால்பந்துச் சப்பாத்து இருந்தது. அம்மா வெண்டிக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருடம் விளையாடினேன். எதையும் விடாதவள் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் என் முழங்காலுக்கு நான் என்ன செய்தேன் என்பதை, இதே காயத்தோடு இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பாரிஸை அடுத்த லா கூர்னெவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். யாரும் என்னை இடிக்கவில்லை. பந்தை நிறுத்தித் திரும்பினேன். உடல் திரும்பியது, இடது பாதம் திரும்பவில்லை. உள்ளே ஏதோ நழுவி மறுபடி இடத்துக்கு வந்தது போலிருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் காற்சட்டையைக் கழற்ற முடியாத அளவுக்கு வீக்கம்.

முழங்காலை ஸ்கான் எடுத்தார்கள். முன்சிலுவைத் தசைநார் (முழங்காலுக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நார்) முழுதாக அறுந்திருந்தது.

மருத்துவரிடம் அம்மாவும் வந்தார். அம்மா மூன்றாம் வகுப்போடு இலங்கை யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர். அப்பா உணவகச் சமையலறையில் பிரெஞ்சு கற்றவர். பாத்திரங்களின் பெயர் தெரியும், படிவங்களின் பெயர் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்தே வங்கியிலும் விசா அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் எங்கள் வீட்டுக்காகப் பேசியது நான்தான். அதில் எனக்குப் பெருமை. இன்றும்தான்.

“தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்துப் பொருத்த வேண்டும்” என்றார் மருத்துவர். “குறைந்தது ஒன்பது மாதம் விளையாடக் கூடாது. முந்தினால் மறுபடி அறும்.”

“என்னவாம்?” என்றார் அம்மா.

“சின்னக் கிழிசலாம். ஒப்பரேசன் செய்தால் சரியாம். அஞ்சு மாசத்திலை ஓடலாமாம்.”

“நெஃப் எண்டு ஏதோ கேட்டுது.” பிரெஞ்சில் அது ஒன்பது.

“ஓம், அடுத்த முறை ஒம்பது மணிக்கு வரட்டாம்.”

அன்றைக்கே இன்னொருவரிடமும் பொய் சொன்னேன். எங்கள் பயிற்றுநர் மரிசெல், பிலிப்பீன்ஸ் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அங்கே பல்கலைக்கழக அணியில் ஆடியவர். பெற்றோரின் நாட்டுக்காகவும் சில ஆட்டங்கள் ஆடினார். முப்பது வயதில் முழங்கால் அவரை நிறுத்தியது. அதன் பிறகு பயிற்றுநராகப் பாரிஸுக்கு வந்தார். அப்போது அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, பயணச்சீட்டு வாங்கத்தான் போதும். மருத்துவரின் கடிதத்தை அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். ஆறாவது மாதத்திலிருந்து ஆடலாம் என்று வாசித்தேன்.

“எனக்குப் பதினொரு மாதம் ஆனது. உன் மருத்துவர் தாராளமானவர்” என்றார்.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. பாரிஸின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஒரு கினேயிடம் (உடற்பயிற்சி வழியே மூட்டையும் தசையையும் தேற்றுபவர்) வாரம் மூன்று நாள் போனேன். இடது தொடை என் கைபோல மெலிந்திருந்தது. மெத்ரோ ரயில் நிலையப் படிகளை ஒவ்வொன்றாக இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான்காம் மாதமளவில் வலி போய்விடும். அந்த நேரத்தில்தான் நாம் ஏமாறுவோம். வலி போவதும் நார் உறுதியாவதும் ஒன்றல்ல. எனக்கு இது சொல்லப்பட்டது. ஆனால் அதற்குள் என் மொழிபெயர்ப்பை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஆறாவது மாதம் களமிறங்கினேன். இருபது நிமிடம் ஆடினேன். புது நாரும் அறுந்தது.

இரண்டாம் முறை மருத்துவரிடம் போனபோது நடைவழியிலேயே அம்மா சொன்னார்: “இண்டைக்கு நீ வாய் திறக்கக் கூடாது.” பிறகு வரவேற்பு மேசைக்குத் தனியாகப் போய், யாரிடமோ கேட்டுப் பாடமாக்கிய இரண்டு பிரெஞ்சுச் சொற்களைச் சொன்னார்: மொழிபெயர்ப்பாளர், தமிழ்.

மருத்துவரின் மேசையில் தொலைபேசியை வைத்தார்கள். அதிலிருந்து தமிழ்நாட்டுப் பேச்சில் ஒரு பெண்குரல் வந்தது.

“அம்மா, ஒன்பது மாசம் ஆடக் கூடாதுன்னு போன தடவையே சொன்னாராம். உங்க பொண்ணுகிட்ட தெளிவா சொன்னாராம். இப்ப குருத்தெலும்பும் தேஞ்சிருக்காம், எலும்பு உரசாம இருக்கிற உறை அது. மறுபடி நார் வைக்கலாம். நடக்கலாம், மெதுவா ஓடலாம். மேட்ச் மட்டும் இனிமே வேண்டாம்ங்கிறார். மூணாவது தடவை அறுந்தா நாப்பது வயசுல மாடிப்படி ஏற முடியாதாம்.”

பிரெஞ்சில் மட்டும் கேட்டிருந்தால் அம்மாவிடம் சொல்லும் முன் சுருக்கியிருப்பேன். இதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை.

அம்மா தொலைபேசியைப் பார்த்து, “நன்றி பிள்ளை” என்றார். என்னைப் பார்க்கவில்லை. பேருந்தில்தான் பேசினார்.

“நெஃப் எண்டால் எனக்குத் தெரியும். இருபது வருசமா இஞ்சை இருக்கிறன். நீ படிச்சனி எண்டு உன்னை நம்பினன்.”



மரிசெலிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். “வலியை மறைத்து ஆடி நான் ஏமாற்றியது என் ஒரு முழங்காலைத்தான். நீ எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறாய் என்று எண்ணிப் பார்” என்று சொல்லிவிட்டு, அணிப் பட்டியலில் என் பெயரை வெட்டினார். இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகும் வரை அவரிடமிருந்து செய்தியே இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: “சனிக்கிழமை சிறுமிகளுக்குப் பயிற்சி. என் பிரெஞ்சு போதவில்லை. நான் சொல்வதை மட்டும் சொல்ல வருவாயா? மட்டும்.”

ஊன்றுகோலோடு போனேன். அவர் சொன்னதை, சொன்ன அளவில், சொன்னேன். கோபமாகச் சொன்னால் கோபமாக. வாரக்கணக்கில் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை, தடுப்பாட்டத்தில் நின்ற சிறுமி திரும்பத் திரும்ப ஏமாந்தாள். அவள் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பந்தைப் பார்க்காதே, எதிராளியின் இடுப்பைப் பார். இடுப்பு பொய் சொல்லாது” என்றேன்.

மரிசெல் திரும்பினார். “நான் அப்படிச் சொல்லவில்லையே.”

“இல்லை. அது நான் சொன்னது.”

அடுத்த முறை அந்தச் சிறுமி பந்தைப் பறித்தாள். மரிசெல் என் பக்கம் வந்தார். “அப்படியானால் உன் பெயரில் சொல். என் வாயில் போடாதே.”

இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு இப்போது பதினான்கு மாதம். முன்பு என் காலம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமையில் முடியும். இப்போது படியிறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று முழங்கால் கேட்கிறது, பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறேன். குளிர் நாட்களில் காலையில் அது விழிக்கக் கால் மணி நேரம் ஆகும். காத்திருக்கிறேன். ஆட்டத்தைப் பார்க்கும்போது களத்தில் இறங்கத் தோன்றுகிறது. அது போகும் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் போகவில்லை.

சென்ற மாதம் எங்கள் கால்பந்துக் கழகத்தின் பதிவுப் படிவம் வந்தது. சமையலறை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குத் தமிழில் வாசித்தேன்.

“இந்தப் பெட்டி?” என்று விரல் வைத்தார்.

“விளையாடுறவைக்கு.”

“மற்றது?”

“பயிற்றுநருக்கு.”

முதல் பெட்டியை வெறுமையாக விட்டேன். இரண்டாவதில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பில் இரண்டு பாடங்கள் முடிந்திருக்கின்றன.