பெரியப்பா போட்ட கோல்

என் பெரியப்பா பந்து விளையாடி நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் டீ கிளாஸ்களை வைத்து அவர் ஆடிய ஆட்டத்தைத்தான்.

புதுச்சேரி மில்களுக்கெனத் தனியாகக் கால்பந்து அணிகள் இருந்த காலம் ஒன்று உண்டு. தறி ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பந்தை ஒழுங்காக உதைத்தால் வேலை கிடைத்துவிடும் என்பார்கள். பெரியப்பா அப்படிச் சேர்ந்தவர். எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்குத் தொந்தி விழுந்திருந்தது, முழங்காலும் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, மில் கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போவார். கூட ஆடிய நாலைந்து பேர் அங்கே வந்திருப்பார்கள். குடித்து முடித்த கிளாஸ்களைப் பெஞ்சில் பரப்பி, ஆளுக்கொரு கிளாஸாக நிறுத்தி, காரைக்கால் அணியை ஜெயித்த அந்த ஒரு மேட்சை மறுபடியும் ஆடுவார்கள். பந்துக்குப் பதில் ஒரு ஆரஞ்சு மிட்டாய். கடைசியில் பெரியப்பாவின் கிளாஸ் வந்து கோல் போடும். அந்த மிட்டாய் எனக்கு.

பள்ளிக்கூடத்தில் இந்தக் கோலைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. ஆனால் ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. பெரியப்பா பேக் ஆடியவர். ஆட்டம் தொடங்கும்போது அவர் கிளாஸ் நம் கோலுக்கு முன்னால் காவல் நிற்கும். கோல் விழும் நேரத்தில் மட்டும் அது பெஞ்சின் அந்தக் கோடிக்கு எப்படிப் போனது? கேட்டால் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே, "பாப்பாவுக்கு ஒரு பன்னு குடுப்பா" என்பார். நானும் கேட்டுக் கேட்டு நிறைய பன் தின்றிருக்கிறேன். பெரியம்மாவைக் கேட்டேன். "அவரையே கேளு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஒரு ஜூலை மாதம், பிரான்சுக்குப் போய்க் குடியேறிவிட்ட அவர்களுடைய பழைய கூட்டாளி ஊருக்கு வந்திருப்பதாகச் செய்தி வந்தது. அவர் அந்த மேட்சில் முன்வரிசையில் ஆடியவராம். என் சந்தேகத்தைத் தீர்க்க ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே குஷி. பெரியப்பாதான் அன்றைக்குப் பார்த்து முழங்கால் வலிக்கிறது, வரவில்லை என்றார். விடுவேனா? அழுது அடம்பிடித்துக் கிளப்பிவிட்டேன்.

டீக்கடையில் எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். வந்தவர் அந்த வயதில் அரைக்கால் சட்டை போட்டிருந்தார். பேச்சுக்கு நடுவே ஆமாம் என்பதற்குப் பிரெஞ்சில் 'வுய், வுய்' என்று தலையாட்டினார். மேட்ச் முடிந்து சர்பத் குடித்த கடை, ஜெயித்த சாயங்காலம் எல்லாரும் கடலில் குதித்த பழைய பாலம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஒவ்வொன்றுக்கும், "அது இல்ல முசியே, போயிடுச்சி" என்று இவர்கள் அவரை வெள்ளைக்காரத் துரையாக்கிக் கிண்டலாகப் பதில் சொன்னார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை.

கிளாஸ்கள் பெஞ்சுக்கு வந்தன. பெரியப்பா மட்டும் தன் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கோல யார் போட்டாங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். வந்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாப்பா கேள்வி இது? உங்க பெரியப்பாதான்" என்று வந்தவரே சொல்லி, பெரியப்பாவின் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கோலுக்கு எதிரே வைத்தார்.

பெரியப்பா அதை எடுத்துவிட்டு வந்தவருடைய கிளாஸை அங்கே வைத்தார். "இல்லடா, நீ போட்டது. நீ போனப்புறம், கோல் போட்டவன் ஊர்லயே இல்லன்னா கதை நல்லா இல்லன்னு இவனுங்க என் தலையில கட்டிட்டானுங்க. நானும் வேணாம்னு சொல்லல."

மற்றவர்கள் எல்லாரும் மில் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன் என்பதுதான் என் கவலை.

வந்தவர் தன் கிளாஸை நகர்த்திவிட்டு, பெரியப்பாவின் கிளாஸையே திரும்பவும் அங்கே வைத்தார்.

"நீயே வெச்சிக்கடா. அத அங்க எடுத்துட்டுப் போயி நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரான்சில் அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்கூட இருப்பதாகச் சற்றுமுன்தான் போட்டோ காட்டினார். அவ்வளவு பேர் வீட்டில் இருக்கும்போது, அவர்களிடம் சொன்னால் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.