ராணியின் அறையில் ஒரு ஸ்டூல்

கொட்டாரத்தில் உள்ளறைக் காவல் என்றால் ஏதோ ராஜபோகம் என்று எங்கள் சர்ச் சபையில் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை என்னவோ காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பதுதான். ஜவுளிக்கடையில் நிற்கிறவர்களே, நின்றே பாடம் நடத்துகிற டீச்சர்மார்களே, இது உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

குன்னத்துகால் பக்கத்தில் ராஜகுடும்பம் தங்கிய, இப்போது ஜனங்கள் சுற்றிப் பார்க்க வருகிற அரண்மனையைத்தான் நாங்கள் கொட்டாரம் என்கிறோம். எனக்கு ராணியின் படுக்கையறை. முகம் தெரிகிற கறுப்புத் தரை, குனிந்து நுழைய வேண்டிய வாசல், ஈட்டிமரக் கட்டில், சாய்வு நாற்காலி, ஜன்னலோரம் பலகை இருக்கை. எல்லாம் உட்காரச் செய்தவை. உட்காரத்தான் கூடாது.

கட்டில் யாருக்கு?

கடற்கரைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. நிறைமாத மருமகள், கட்டியிருந்த கயிற்றை ஒதுக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய் எழுப்பினேன். அப்படி எழும்பச் சொல்ல எனக்கே நாக்கு கூசியது. பாவம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மாமியார் சும்மா விடவில்லை. துணி சுற்றிய என் காலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒனக்க காலும் வீங்கியாக்கும் இருக்கு. நீயும் இருக்கப்பிடாது, எனக்க மருமொவளும் இருக்கப்பிடாது. பின்ன இந்தக் கட்டிலு ஆருக்காக்கும் மக்கா?"

டாக்டரம்மா

காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். இப்படியே நின்றால் புண்ணாகிவிடும், இடையிடையே உட்கார முடியாதென்றால் வேலையை விட்டுவிடு என்றார் டாக்டரம்மா. வேலையை விட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. வேலையையும் விடுவதில்லை, உட்காராமலும் இருப்பதில்லை என்று அங்கேயே முடிவுகட்டினேன்.

எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "அம்மாடி, அவ்வளவு பெரிய வீட்டில ஒனக்கு இருக்க ஒரு ஸ்டூலு இல்லியா?"

மேனேஜர் சார்

எங்கள் மேனேஜர் நெய்யாற்றின்கரைக்காரர், நல்ல மனுஷர். ஆனால் கொட்டாரத்தில் ஒரு துரும்பை நகர்த்தினாலும் அவருக்கு நெஞ்சு அடைக்கும். சாவி வாங்கப் போனாலும் ஸ்டூல் கேட்டேன், கையெழுத்துப் போடப் போனாலும் ஸ்டூல் கேட்டேன். என் தலையைக் கண்டாலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இந்த அம்மி வாயைத் திறந்து பதிலும் சொன்னது: "ராணியோட ரூமுல பிளாஸ்டிக் கசேர போட்டா அது கல்யாண மண்டபம் ஆயிப்போவும் சேச்சி!"

ஓண லீவு

ஓண விடுமுறையில் கூட்டம் நெரிந்தது. காவலுக்கு ஆள் குறைவு. நான் சாப்பிடப் போன நேரம் மேனேஜரே என் அறையில் நின்றார். திரும்பி வருகிறேன், என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருக்கிறார்! எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். முகத்தில் காட்டாமல், எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்: "எழும்புங்க சார், இங்க இருக்கப்பிடாது."

துள்ளி எழுந்தார். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "ஆருட்டயும் சொல்லண்டாம் சேச்சி. ஸ்டூலு இந்த வாரமே வரும்."

ஸ்டூல்

வந்தது. பிளாஸ்டிக் இல்லை, அறைக்குப் பொருந்தட்டும் என்று அமரவிளை ஆசாரியிடம் சொல்லி, கறுப்புப் பாலிஷ் போட்ட மர ஸ்டூலாகவே செய்து வாங்கிவிட்டார். முதல்முறை உட்கார்ந்தபோது கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்?

அன்று மத்தியானமே ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து நின்றார். "அக்கா, கொஞ்சம் எழும்பி மாறி நில்லுங்க. ராணி இருந்த ஸ்டூலை ஒரு போட்டோ எடுக்கணும்."

நின்று பிழைக்கிற சகோதர சகோதரிகளே, போராடி வாங்கிய இடத்தில் உட்கார்ந்த பிறகு, ராணியே நேரில் வந்து கேட்டாலும் எழும்பாதீர்கள். நான் எழும்பவில்லை.