விரதக்காரர் என்று பெயர் வாங்கிய கோடை

வியட்நாமில், பின் யுவோங்கில் ஒரு தோல் தொழிற்சாலையில் நம் ஊர் ஆட்களுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் பேச வராது. அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என் வயதுக்காரன், ஒரே அறையில் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் ஒரே நாளில்தான் சர்க்கரை என்று தெரிந்தது. வியட்நாம் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்ல, அவன் எனக்குத் தமிழில் சொன்னான். அவனுக்கு வெறும் சர்க்கரை. எனக்குக் கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. கோடை முடிவதற்குள் குறைக்காவிட்டால் பார்வை போகும், போனது திரும்பாது என்றார். பருப்பில் கல் தெரியாத சமையல்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்?

வேலை நாட்களில் சிரமமில்லை. அடுப்பு என் கையில் இருந்தது. இருவருக்கும் கேழ்வரகு ரொட்டி, கீரை, காய். விடிந்ததும் தொழிற்சாலைச் சுவரைச் சுற்றி நடை. அதிலேயே எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. அவன் பேசிக்கொண்டே நடப்பான். ஒரு வாரத்தில் அவனோடு ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் பின்னால் தனியாக வருவேன். யாரும் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

தொல்லை ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வெயில் காலத்தில் நகரத்தில் பூ மி ஹங் பகுதியில் இருக்கும் தமிழ் அதிகாரிகளின் குடும்பத்தினர் மாலையில் ஏரிக்கரையில் பாய் விரித்துக் கூடுவார்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த எங்களையும் வேனில் கூட்டிப் போவார்கள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாரம் முழுவதும் இயந்திரச் சத்தம் கேட்ட காதுக்கு, தமிழில் சண்டை போடும் குழந்தைகளின் சத்தம் வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறே அவன் பாயில் உட்கார்ந்தவுடன் அறிவித்துவிட்டான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு சர்க்கரை வந்திருக்கு. இனிமே உங்க பிரியாணிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

"அய்யய்யோ, எப்பண்ணே?" என்று பெண்கள் பதறினார்கள். கணக்கு அதிகாரியின் மனைவி உடனே வெள்ளரிக்காய் நறுக்க உட்கார்ந்தார். இன்னொருவர் மிளகுத்தூள் தேடினார். எலுமிச்சை பிழிந்து அவன் கையில் தட்டைக் கொடுத்தார்கள், மாப்பிள்ளைக்குக் கொடுப்பது போல.

நான் என் தட்டைக் காலியாக வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும்தான் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கணக்கு அதிகாரியின் மனைவி என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்க ஏண்ணே ஒண்ணும் எடுக்கல? விரதமா?"

தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டியபோது நிம்மதியாகவே இருந்தது. நம்மவர்களிடம் வேண்டாம் என்றால் இன்னும் ஒரு கரண்டி வைப்பார்கள். விரதம் என்றால் கையை இழுத்துக்கொள்வார்கள். பீர் ஊற்ற வந்தவர் கூட "மன்னிச்சுக்குங்க சாமி" என்று நகர்ந்துபோனார்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் எனக்கென்று தனித் தூக்கு கொண்டுவந்தார். ஜவ்வரிசிப் பாயசம். இங்கே டின்னில் விற்கும் இனிப்புக் கெட்டிப்பாலை ஊற்றிக் காய்ச்சியது. கூடவே மாம்பழம், வாழைப்பழம்.

"விரதக்காரங்க பால் பழம் சாப்பிடலாம்ணே. வெங்காயம் பட்ட கரண்டியைக்கூடத் தொட விடல."

குடித்தேன். எதிரில் அவன் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். திரும்பும்போது வேனில் கேட்டான்.

"உன் சாமி பாயசம்தான் கேக்குதாய்யா? நான் சொல்லட்டுமா அவங்ககிட்ட?"

"வேணாம்."

"கண்ணு உன்னோடது. பாத்துக்க."

அவன் சொல்லிக் காப்பாற்றி, அதற்கும் அவனுக்கே பெயர் வருவதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

ஒவ்வொரு வாரமும் பாயசம் வந்தது. ஒவ்வொரு வாரமும் அவன் தொப்பை இறங்கியது. "அண்ணனுக்கு இனி பொண்ணு பாக்கலாம்" என்று கேலி செய்தார்கள். அவன் எழுந்து நின்று சட்டையைப் பிடித்துக் காட்டினான். எனக்கு அந்தச் சட்டை கிழிய வேண்டும் போலிருந்தது. அவனுக்கு இறால் வடை என்றால் உயிர். ஒரு ஞாயிறு வேண்டுமென்றே அதைச் சுட்டு எடுத்துப் போய் அவன் முன்னால் வைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்தான், முகர்ந்தான், பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்துவிட்டான்.

"பிரியாணிய விட்டது கஷ்டமில்ல. இவன் கையால சுட்டத விடறதுதான் கஷ்டம்."

எல்லோரும் அதற்கும் அவனைத்தான் மெச்சினார்கள்.

அதற்கடுத்த வாரம் சமையலறையில் கடுகு தாளித்தேன். வெடிக்கும் சத்தம் கேட்டது, எண்ணெயில் கடுகு தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். புகை போட்டது போலவே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு தூக்கு மூடியைத் திறந்தவுடன் சொன்னேன்.

"எனக்கும் சர்க்கரைம்மா. விரதம் எதுவும் இல்ல."

குரல் எழும்பவில்லை. அந்த அம்மாளுக்கு மட்டும் கேட்டது. அவர் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இத்தன வாரமா நான் உங்களுக்கு வெஷமாண்ணே ஊத்திட்டு இருந்தேன்?"

அது எல்லோருக்கும் கேட்டது. எல்லாப் பாய்களிலிருந்தும் தலைகள் திரும்பின. அவன்தான் சிரித்தான். "விடுங்கக்கா, சாமி மலையேறிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. என்னைக் காப்பாற்றியது அந்தச் சிரிப்புதான் என்று தெரிந்தும் அவன் மேல் கோபம் வந்தது.

அன்றிலிருந்து எனக்கும் வெள்ளரிக்காய். அவனுடையதில் எலுமிச்சையும் மிளகும் இருக்கும். என்னுடையதில் உப்புகூட இருக்காது. அந்த அம்மாளுக்கு என் மேல் வருத்தம் தீரவில்லை. அவன் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினான். மாட்டேன் என்று வெறும் காயையே தின்று முடித்தேன். பிறகு ஏரியைச் சுற்றி அவனை முந்திக்கொண்டு நடந்தேன். மூச்சு வாங்கியது, இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை.

மழை தொடங்கியபின் மறுபடி ரத்தம் சோதிக்கக் கொடுத்தோம். எனக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. கண் இதற்குமேல் கெடாமல் நிற்கும், இப்படியே இருந்தால் போதும் என்றார் டாக்டர். அவனுக்கு என்னைவிட நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் எழுந்து எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். அவனுக்கு முதலில்.